ஒரு சோறு பதமில்லை

ரிசப்ஷன் நோட்டில் அந்தப் பாட்டிலின் பெயரை மூன்று தடவை எழுதியிருந்தார்கள். முதலில் ‘சணல் எண்ணெய்’. அதை அடித்துவிட்டு ‘ஆளிவிதை எண்ணெய்’. அதையும் அடித்துவிட்டு ‘ஹெம்ப் ஆயில்’, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கொண்டுவந்த பையன் எதிரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் எழுந்து, குரலைத் தாழ்த்தி, “அக்கா, இது கஞ்சா விதை எண்ணெய்க்கா. தப்பா நெனச்சுறாதீங்க” என்றான்.

ரிசப்ஷனில் இருக்கும் அக்கா அன்று சாயங்காலம் வரை அந்தப் பாட்டிலைத் தொடவே இல்லை.

நான் வேலை பார்ப்பது மதுரையில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில். கம்பம் பக்கத்துத் திராட்சையில் பூச்சிமருந்து எச்சம், முண்டு வத்தலில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை விஷம், பால்கோவாவில் கொழுப்பு, அப்பளத்தில் சோடா என்று ஓடும் பொழைப்பு. இந்தப் பையன் திருமங்கலம் பக்கம் இரண்டு வாகைமரச் செக்கு வைத்திருக்கிறான். நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆட்டி விற்பவன். பெங்களூரில் ஒரு ஆர்கானிக் கடைக்காரர் ‘ஹெம்ப் விதை எண்ணெய் ஆட்டித் தர முடியுமா’ என்று கேட்டிருக்கிறார். உத்தராகண்டிலிருந்து எட்டு மூட்டை விதையை லாரியில் இறக்கிவிட்டான். ஆட்டியும் விட்டான். இப்போது ரிப்போர்ட் வேண்டும்.

பெயர்க் குழப்பத்துக்கு ரிசப்ஷனைக் குறை சொல்ல முடியாது. சணல் என்றால் நமக்குச் சாக்கு நெய்கிற நார். சணப்பு வேறு, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல்லுக்கு முன்னால் விதைத்து, மஞ்சளாகப் பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழுகிற பசுந்தாள் உரம். புளிச்சை இன்னொன்று. சணப்புக்கும் புளிச்சைக்கும் ஆங்கிலப் பெயரில் ஹெம்ப் என்று ஒரு வால் உண்டு, அவ்வளவுதான். இவை எதற்கும் கஞ்சாச் செடியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஏதோ ஒரு மொழிபெயர்ப்புக் கருவி செய்த புண்ணியத்தில் ஹெம்ப் விதை இணையக் கடைகளில் ‘சணல் விதை’ என்ற பெயரில் உலாவுகிறது. இன்னும் சில கடைகளில் அந்தப் பெயரில் ஆளிவிதை இருக்கிறது.

உண்மையில் ஹெம்பும் கஞ்சாவும் ஒரே செடிதான்: கன்னாபிஸ் சட்டைவா. போதை ஏற்றும் டி.எச்.சி. என்ற சரக்கு உலர்ந்த செடியில் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் அது ஹெம்ப். தாண்டினால் கஞ்சா. அமெரிக்கா 2018-ல் தன் பண்ணைச் சட்டத்தில் இந்த 0.3-ஐ வைத்தது. உத்தராகண்ட் அதே ஆண்டு தொழில்முறை ஹெம்ப் சாகுபடிக்கு இந்த அளவையே வைத்து உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. ஐரோப்பாவில் 0.2 ஆக இருந்ததை 2023-ல் 0.3 ஆக்கினார்கள். அதாவது 2022-ல் கஞ்சாவாக இருந்த ஒரு வயல், மறு வருஷம் அதே விதை போட்டு ஹெம்ப் ஆகியிருக்கும். செடிக்கு இது எதுவும் தெரியாது.

நம் ஊரில் 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதை வேறு மாதிரி பிரித்திருக்கிறது. பூவும் காயும் விட்ட நுனிதான் கஞ்சா. நுனியோடு சேராமல் தனியாக வரும் இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. வடக்கே ஹோலிக்கு இந்த இலையைப் பாங் என்று அரைத்துக் குடிப்பது இந்தச் சந்தில்தான். விதையை உணவாக விற்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021 நவம்பரில் அறிவித்தது. அதற்கு வரம்புகள் உண்டு: விதையில் மொத்த டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10, விதையிலிருந்து செய்யும் பானத்தில் 0.2. அதே செடியில் இருக்கும், போதை இல்லாத சி.பி.டி. என்ற இன்னொரு சரக்கு கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ‘மொத்த’ என்ற அந்த ஒரு வார்த்தையை நீங்கள் இப்போது அனாயாசமாகத் தாண்டிப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தாண்டிப் போனேன்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நல்ல கரும்பச்சை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வேப்பங்கொழுந்து நிறம். வாசனை பச்சைக் கடலைக்கும் புல்லுக்கும் நடுவில். பையன் அதைப் பளிச்சென்ற கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஐந்து விரல் இலை படம் போட்ட லேபிளும் ஒட்டியிருந்தான். “தம்பி, முதல்ல அந்தப் படத்தை எடு. அப்புறம் பாட்டிலை மாத்து” என்றேன். பச்சைக்குக் காரணம் குளோரோஃபில். அதில் வெளிச்சம் பட்டால் எண்ணெய் வேகமாகச் சிக்கடிக்கும். ஒமேகா 3 நிறைய இருக்கிற எண்ணெய் வேறு. நல்லெண்ணெய் மாதிரி மாதக்கணக்கில் தாங்காது. கருப்பு பாட்டில், குளிர்ந்த இடம், சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். நம் கடைக்காரர்களோ நிறம் அழகாக இருப்பதை எல்லாம் வெயிலடிக்கிற ஷோகேஸில்தான் அடுக்குகிறார்கள்.

டி.எச்.சி. பார்ப்பதற்கு முதலில் ஒரு ஸ்டாண்டர்டு வேண்டும். நமக்குத் தெரிந்த அளவுள்ள தூய டி.எச்.சி.; அதோடு ஒப்பிட்டுத்தான் பாட்டிலில் இருப்பதை அளக்க முடியும். மெத்தனாலில் கரைத்து, ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம், சுண்டுவிரல் நகத்தளவு கண்ணாடிக் குப்பியில் வரும். அதை இறக்குமதி செய்ய குவாலியரில் இருக்கிற மத்திய போதைப்பொருள் பணியகத்தின் சான்றிதழ் வேண்டும். படிவம், கடிதம், மறுபடியும் கடிதம், அலமாரிக்கு இரட்டைப் பூட்டு, சொட்டுக்குக் கணக்கு. அஃப்லாடாக்சின் ஸ்டாண்டர்டு வாங்க எங்களுக்கு ஒரு மெயில் போதும். கல்லீரலில் புற்றுநோய் வரவைக்கும் விஷம் கூரியர்காரர் கையில் சாதாரணமாக வந்து இறங்கும். இதற்கு மட்டும் மாப்பிள்ளை வீட்டு உபசாரம். இந்த அலைச்சலில் எங்கள் மேனேஜர், “டி.எச்.சி. ஒண்ணு போதும்மா, மத்ததெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றுவிட்டார். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

வேலை என்று பார்த்தால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு கிராம் எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, குலுக்கி, சுழற்றி, வடிகட்டி எந்திரத்துக்குள் விடுவது. திராட்சையில் மருந்து பார்க்கும் அதே எல்.சி.எம்.எஸ். எந்திரம்தான். அதற்குள் ஒரு சன்னக் குழாய். எண்ணெயில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அதில் ஒவ்வொரு வேகத்தில் நகர்ந்து, வாசலில் ஒவ்வொன்றாக வந்து சேரும். சேர்ந்ததை நிறுத்துப் பார்ப்பதுதான் மீதி எந்திரத்தின் வேலை. இதில் ஒரு வேடிக்கை. டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஒரே எடை. 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன், ரெண்டுக்கும் அதேதான். ஒன்றில் ஒரு வளையம் மூடியிருக்கும், மற்றதில் திறந்திருக்கும். எடை பார்க்கும் எந்திரத்தால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. உடைத்துப் பார்த்தாலும் பல துண்டுகள் ஒன்று போலவே விழும். மாட்டுத்தாவணியில் ஒரே நிறம், ஒரே எண் போட்ட இரண்டு பஸ் வந்தால் என்ன செய்வோம்? எது எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துத்தானே ஏறுவோம். இங்கேயும் அதுதான். சி.பி.டி. முந்தி வரும், டி.எச்.சி. பிந்தி வரும். அந்த நேர இடைவெளியை நம்பித்தான் மொத்த ரிப்போர்ட்டும்.

டி.எச்.சி. கிலோவுக்கு 3 மில்லிகிராம் வந்தது. வரம்பு 10. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பையன் வந்தான். இந்தத் தடவை சேரில் உட்காரவில்லை.

“அக்கா, நீங்க மூணுங்குறீங்க. பெங்களூர்க்காரரு வேற ஒரு லேப்ல குடுத்துருக்காரு. அவய்ங்க பத்தொம்போதுங்குறாய்ங்க. நான் யாரு சொல்றத நம்புறது? சரக்கு அம்புட்டும் திரும்பி வந்துருச்சு.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இன்னொரு லேப் நம்முடையதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அவர்கள் எந்திரம் சரியில்லை என்றுதான் எந்த லேப்காரரின் மனசும் சொல்லும். நல்லவேளை, வாய் திறக்காமல் அவர்களுடைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ‘மொத்த டி.எச்.சி.’ என்று போட்டிருந்தது. என் ரிப்போர்ட்டில் வெறும் ‘டி.எச்.சி.’.

செடி நேரடியாக டி.எச்.சி. செய்வதில்லை. அது செய்வது டி.எச்.சி.ஏ. என்ற அமிலம். அதற்குப் போதை கிடையாது. சூடு பட்டால் அதிலிருந்து கரியமில வாயு கழன்றுகொள்ளும், மிச்சம் டி.எச்.சி. புகைக்கிறவன் கொளுத்துவதும், அல்வாவில் போடுகிறவன் நெய்யில் வதக்குவதும் இதற்காகத்தான். இந்தப் பையனோ மரச்செக்கு. சூடே படாமல் ஆட்டுவதுதான் அவன் பெருமை, கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறான். அப்படியென்றால் அந்த எண்ணெயில் இருப்பதில் பெரும்பகுதி சூடு படாத அமிலமாகத்தான் இருக்கும். அதை நான் தேடவே இல்லை. தேடுவதற்கு என்னிடம் ஸ்டாண்டர்டும் இல்லை. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்ற அந்த இன்னொரு குப்பி.

ஜி.சி. என்கிற எந்திரத்தில் இந்தத் தப்பு வேறு மாதிரி மறைந்துபோகும். அதன் வாயிலேயே 250 டிகிரிக்கு மேல் சூடு. உள்ளே போகும்போதே அமிலம் பெரும்பாலும் டி.எச்.சி.யாக மாறிவிடும், கேட்காமலே சேர்த்துச் சொல்லிவிடும். நான் பயன்படுத்தியது சூடு இல்லாத எந்திரம். அது அமிலத்தை அமிலமாகவே காட்டும். அதை நாம்தான் அளந்து, 0.877-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்த 0.877 என்னவென்றால், எலும்போடு நிறுத்த கறியில் வெறுங்கறி எவ்வளவு என்கிற கணக்கு. அமிலத்தின் எடை 358. கரியமில வாயு 44 கழிந்தால் 314. 314-ஐ 358-ஆல் வகுத்தால் 0.877.

பையனிடம், “தப்பு எம்மேலதான் தம்பி. திரும்பப் பாத்துத் தர்றேன், காசு வேணாம்” என்றேன். மேனேஜரிடம் அமிலத்தின் ஸ்டாண்டர்டுக்கு ஆர்டர் போட வைத்தேன். அந்தக் கதையைச் சொன்னால் இன்னொரு கட்டுரை ஆகும். குப்பி வந்ததும், ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்த மீதி எண்ணெயை ஓட்டினேன். எந்தச் சாம்பிளிலும் ஒரு பங்கை இப்படிச் சீல் வைத்து எடுத்து வைப்பது வழக்கம். ஆய்வகத்தில் ஆயிரம் சடங்கு உண்டு, அதில் எனக்கு உண்மையான மரியாதை இருப்பது இதன்மேல் மட்டும். அமிலம் 7 வந்தது. 7-ஐ 0.877-ஆல் பெருக்கினால் 6.1. பழைய 3-ஐக் கூட்டினால் 9.1.

வரம்புக்குள் மயிரிழையில் நிற்கிறது. ஆனால் பத்தொன்பது இல்லை.

அப்போது மீதிப் பத்து எங்கே போனது? அமிலத்தை விட்டது என் தப்பு, சரி. அதைத் திருத்தியும் பாதிக்கு மேல் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. இரண்டு நாள் தூக்கம் கெட்டது. எந்திரத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன். வெறும் கரைப்பானை ஓட்டினேன், சுத்தமாக இருந்தது. தெரிந்த அளவு டி.எச்.சி.யை நல்லெண்ணெயில் கலந்து ஓட்டினேன், போட்டது போட்டபடி வந்தது. கடைசியில் பையனுக்கே போன் போட்டு, எங்களுக்குக் கொடுத்த எண்ணெயை எப்படி ஆட்டினாய் என்று கேட்டேன்.

“டெஸ்ட்டுக்குன்னு தனியா ஆட்டுனேன்க்கா. விதைய நல்லாச் சுளகுல பொடச்சு, கழுவி, தூசு தும்பு இல்லாம அம்மா உக்காந்து பொறுக்கிக் குடுத்துச்சு. ரெண்டு கிலோ. லேப்புக்குக் குடுக்குறதுல்ல?”

“பெங்களூருக்குப் போன எண்ணெய்?”

“அது மூட்டையோட அப்டியே கொட்டி ஆட்டுனது.”

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். பையன் விதைக்கு வெள்ளையடித்திருக்கிறான். அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்றுதானே நினைத்திருக்கிறான்.

மறுநாள் மூட்டை விதையில் ஒரு பிடி கொண்டுவரச் சொன்னேன். எவர்சில்வர் தட்டில் கொட்டினால் மிளகைவிடக் கொஞ்சம் சின்னதாக, சாம்பலும் பழுப்புமாக, மேலே பளிங்குக் கோடு ஓடிய விதைகள். நடுநடுவே பழுப்புப் பச்சையில் உமி மாதிரி துணுக்குகள். ஊதினால் பறக்கவில்லை. விரலில் எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டது, உதறினாலும் விழவில்லை. பலாப்பழம் அறுத்த கை மாதிரி லேசான பிசின்.

டி.எச்.சி. விதைக்குள் கிடையாது என்றே சொல்லிவிடலாம். அது இருப்பது விதையைப் பொத்தி வைத்திருக்கும் சின்ன இலைச் சிமிழில், அதன்மேல் முளைத்த பிசின் சுரப்பிகளில். கதிர் அடிக்கும்போது பிசின் விதையின் ஓட்டில் பூசிக்கொள்ளும், சிமிழ்த் துண்டுகளும் கூடவே வரும். ஒரு துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். குண்டூசித் தலை மாதிரி காம்பு வைத்த சுரப்பிகள், சிலது உடைந்து ஒழுகியிருந்தன. இலைத் தோலில் கரடி நகம் போல அடி பெருத்து நுனி வளைந்த முடிகள். அந்த முடியின் அடிப்பெருக்கில் சுண்ணாம்பு உருண்டை இருக்கும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு ஓரத்தில் விட்டேன். கோலி சோடா உடைத்த மாதிரி ஒவ்வொரு முடியின் அடியிலிருந்தும் குமிழ் கிளம்பியது. பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரிசப்ஷன் அக்காவையும் கூட்டி வந்துவிட்டாள். அக்கா ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “இம்புட்டூண்டுக்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டமா” என்றார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைச் சோறு ஒரே கொதியில் வேகிறது, அதனால் அது சரி. இந்த விதை அப்படி இல்லை. நூறு விதை சுத்தமாக இருக்கும், நூற்றோராவது விதையோடு ஒட்டிய ஒரு சிமிழ்த் துணுக்கு மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும். மூட்டை லாரியில் ஆடி ஆடி வரும்போது தூசியும் துணுக்கும் அடிக்கு இறங்கிவிடும். மேலே ஒரு பிடி எடுத்தால் ஒரு எண், அடியில் ஒரு பிடி எடுத்தால் வேறொரு எண். இரண்டும் பொய்யில்லை. நாங்கள் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை எழுதுகிறோம். எந்தப் பிடி என்று எழுதுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வக்கீல். மதுரை போதைப்பொருள் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்தில் அவருக்கு எப்போதும் நாலைந்து கேஸ் ஓடும். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இத்தனை வருசமா நான் கூண்டுல நிக்கிறவனுக்காகக் கேக்குற கேள்விய இப்பத்தான்த்தா நீ கேக்குற.”

கஞ்சா கேஸில் எடைதான் தலையெழுத்து. 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு, ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது பத்து வருஷம், ஜாமீன் குதிரைக்கொம்பு. ஆனால் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போவது ஒரு சாம்பிளுக்கு 24 கிராம். முப்பது பண்டல் பிடித்தால், பண்டல்கள் ஒரே மாதிரி இருந்தால், எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து ஒன்றாக்கி அதிலிருந்து 24 கிராம் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ‘ஒரே மாதிரி’ என்று முடிவு செய்தது யார், எதை வைத்து? சித்தப்பாவின் குறுக்கு விசாரணை முழுக்க அங்கேதான் நிற்கும். எந்தப் பண்டலில் எடுத்தீர்கள், அதில் பூ நுனி எவ்வளவு, வெறும் இலையும் தண்டும் எவ்வளவு, பிரித்து நிறுத்தீர்களா? மகஜரில் இருக்கிற எடையும் நீதிமன்றத்துக்கு வந்த எடையும் ஒன்றா? சாம்பிளை மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் மோகன்லால் வழக்கில் அழுத்திச் சொன்னது (நடிகர் இல்லை, வேறு மோகன்லால்). 2022 டிசம்பரில் அதற்கென்று தனி விதிகளே வந்துவிட்டன.

“அப்ப லேப்ல என்னதான் பாக்குறாங்க சித்தப்பா, எத்தனை சதவீதம்னா?”

“சதவீதம் எவனுக்கு வேணும்? கஞ்சாவா, இல்லையா. அதுக்கு மேல சட்டம் கேக்கல.”

அவர் சொல்வது சரிதான். அங்கே நிறச் சோதனை, மைக்ராஸ்கோப், அப்புறம் பூச்சுப் பூசிய தட்டில் கரைப்பானோடு ஓட்டிப் பார்ப்பது. நிறச் சோதனைக்கு டுக்கெனுவா என்று பெயர். வனிலின் (ஆமாம், ஐஸ்கிரீமில் போடுகிற அதேதான்) கலந்த ஒரு திரவம், மேலே அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கஞ்சா இருந்தால் ஊதா. காபித்தூள்கூடக் கொஞ்சம் நிறம் காட்டும் என்பதால் லெவின் என்பவர் ஒரு படி சேர்த்தார். குளோரோஃபாம் ஊற்றிக் குலுக்கினால் ஊதா நிறம் கீழ்ப் படலத்துக்கு இறங்க வேண்டும். இறங்கினால்தான் கணக்கு. இறங்கினாலும் அது வழிகாட்டும் பலகைதான், ஊர் இல்லை. என் மேசையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் எங்கே என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன். அங்கே ஆம், இல்லை என்ற ஒரு வார்த்தையில் ஒருவனுக்குப் பத்து வருஷம். இரண்டு இடத்திலும் சறுக்குவது மட்டும் ஒரே படியில்: எடுத்த கை.

சித்தி காபியோடு வந்து, “வேற பேச்சே இல்லையா ஒங்களுக்கு?” என்றார். பேச்சு மாறிவிட்டது.

வேறொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள். விதை எண்ணெய் வேறு, சி.பி.டி. எண்ணெய் வேறு. விதை எண்ணெய் நம் நல்லெண்ணெய்க்குப் பங்காளி, ஆட்டினால் வருவது. சி.பி.டி. எண்ணெய் என்பது இலையிலிருந்தோ பூவிலிருந்தோ கரைப்பான் போட்டு இழுத்த சாறு. நம் நாட்டில் இலைச் சாறு ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத மருந்து உரிமத்தில் விற்கிறார்கள். இதன் செய்முறை எனக்குப் புதிதில்லை, ஏனென்றால் எம்.எஸ்சி. முடித்ததும் இரண்டு வருஷம் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சென்ட் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். மல்லியும் பிச்சியும் மார்க்கெட்டில் விலை விழுந்தால் சாக்கில் கட்டி அங்கேதான் வரும். பூவைத் தொட்டியில் போட்டு ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைப்போம். ஹெக்சேனை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மஞ்சள் மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும், கான்கிரீட் என்போம். அதைச் சாராயத்தில் கரைத்து நன்றாகக் குளிர வைத்தால் மெழுகு உறைந்து தனியே நிற்கும். வடிகட்டி, சாராயத்தை ஓட்டினால் அப்சல்யூட். டன் கணக்கில் பூ கொட்டினாலும் கடைசியில் கையில் நிற்பது சில கிலோதான்.

கஞ்சா இலைச் சாற்றுக்கும் இதே பாட்டுத்தான். கரைப்பானில் இழுப்பது, சாராயத்தில் கரைத்துக் குளிர வைத்து மெழுகை நீக்குவது, சூடாக்கி அமிலத்தைக் கழற்றுவது, வெற்றிடத்தில் வாலை வடிப்பது. பணம் உள்ளவர்கள் ஹெக்சேனுக்குப் பதில் கரியமில வாயுவையே அழுத்திப் பயன்படுத்துவார்கள். 31 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல எழுபத்து மூன்று மடங்கு அழுத்தமும் கொடுத்தால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு நிலைக்கு வந்து, சாற்றை இழுத்துக்கொண்டு, அழுத்தத்தை விட்டதும் தடமில்லாமல் போய்விடும். கொச்சிப் பக்கம் மிளகு, ஏலக்காய்ச் சாறுக்கும் இந்த முறை உண்டு. அந்த 31 டிகிரி நமக்குக் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடும், அழுத்தம்தான் செலவு.

இழுப்பதில் இருக்கிற சிக்கல் ஒன்றுதான்: நல்லது மட்டும் வராது. செடியில் பூச்சிமருந்து இருந்தால் அதுவும் சாற்றோடு கூடும். ஹெம்ப் மண்ணிலிருந்து காட்மியம், ஈயம் போன்றவற்றை உறிஞ்சக்கூடிய செடி, கெட்ட மண்ணைச் சுத்தம் செய்யவே இதை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹெக்சேன் போட்டு இழுத்திருந்தால் மிச்ச ஹெக்சேன் 290 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 290 பங்கு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மருந்துக்கான சர்வதேச வரம்பு அது. ஆகவே யாராவது சி.பி.டி. எண்ணெய் பாட்டிலைக் காட்டி, முட்டிவலிக்கு நல்லதா என்று கேட்டால் நான் முட்டியைப் பற்றிப் பேசுவதில்லை, எனக்கு அது தெரியாது. பேட்ச் எண் போட்ட ரிப்போர்ட் இருக்கிறதா, அதில் உலோகமும் கரைப்பானும் பார்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் ஒரு அழகான பி.டி.எஃப். காட்டுவார்கள். தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது.

சரி, பையனுக்கு வருவோம். எட்டு மூட்டையில் ஐந்து இன்னும் அவனிடம் ஆட்டாமல் இருந்தது. நானே வந்து சாம்பிள் எடுக்கிறேன் என்றேன். எதை வைத்து எடுப்பது என்று யோசித்தால் ஆய்வக அலமாரியில் கரண்டிதான் இருக்கிறது. கீழமாசி வீதியில் தெரிந்த மண்டிக்காரர் ஒருவரிடம் போய்க் குத்தூசி கேட்டேன். நுனி கூர்மையாக, வயிற்றில் பள்ளம் வைத்த இரும்புக் குழல். அவர் ஒரு மூட்டையில் குத்திக் காட்டினார்: மேலே, நடு, அடி, அப்புறம் திருப்பிப் போட்டு மறுபக்கம். “மூட்டை வாய்ல எப்பவும் நல்ல அரிசிதான்மா இருக்கும். அத நம்புனா நாங்க கடைய மூட வேண்டியதுதான்.” எனக்கு எம்.எஸ்சி.யில் இரண்டு வருஷம் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

திருமங்கலத்தில் காலை ஏழு மணிக்கு ஐந்து மூட்டையையும் இறக்கி வைத்துக் குத்தினோம். மூட்டைக்கு ஐந்து குத்து, ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு எண் எழுதினேன். அடியில் குத்தியது மட்டும் கண்ணுக்கே தெரிந்தது, துணுக்கு அதிகம், கவரின் உள்பக்கம் ஒட்டியது. மீதியை விரிப்பில் கொட்டிக் குவித்து, நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறு இரண்டை எடுத்து, மறுபடி குவித்து, மறுபடி பிரித்து, கடைசியில் அரைக் கிலோ மொத்தச் சாம்பிள். பையனின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏத்தா, அன்னைக்கு நான் பொறுக்கிக் குடுத்தது தப்பாப் போச்சோ?”

“தப்பில்லம்மா. எல்லா மூட்டையையும் அப்படிப் பொறுக்குனா சரியாப் போயிரும்.”

அவர் ஐந்து மூட்டையையும் ஒரு தடவை பார்த்தார். பையனையும் பார்த்தார். பையன் சல்லடையும் காற்றடிக்கும் எந்திரமும் என்ன விலை என்று போனில் தேட ஆரம்பித்தான்.

கிளம்பும்போது ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலை நீட்டினான், கருப்பட்டி போட்டு நேற்று ஆட்டியது. மணம் தூக்கியது. சாம்பிள் எடுக்க வந்த இடத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்றேன். முகம் விழுந்துவிட்டது. “அப்ப பில்லுப் போட்டு வாங்கிக்குவீங்களா?” என்று கேட்டான். ரிப்போர்ட் கொடுத்த பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இருபத்தாறு கவரையும் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கிக் கட்டினேன். குத்தூசியை மண்டிக்காரருக்கு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.